கரைப்பான் முறையில் எண்ணெய் எடுக்கும் இயந்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் வித்து, தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றிலிருந்து கரைப்பான் கொண்டு எண்ணெய் பிரிக்கும் ஆலைகளைப் பற்றி, இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயைக் கரைப்பது இந்தத் தொழிலில் எளிதான பாதி. ஊற்றிய கரைப்பானைத் திரும்ப வாங்குவதுதான் கடினமான பாதி. ஆலையில் நிற்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டாம் பாதிக்காகவே நிற்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அங்கேதான் போய்ச் சேரும்.

எக்ஸ்பெல்லரில் பிழிந்தாலே எண்ணெய் வருகிறதே, கரைப்பான் எதற்கு?

எக்ஸ்பெல்லர் என்ற திருகு அழுத்தி எவ்வளவு இறுக்கிப் பிழிந்தாலும் புண்ணாக்கில் 6 முதல் 10 சதவீதம் வரை எண்ணெய் தங்கிவிடும். அதற்கு மேல் இறுக்கினால் சூடு ஏறும், எண்ணெய் கருக்கும், திருகும் கூண்டும் தேயும். கரைப்பான் முறையில் அந்த மீதத்தை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். சோயா போல 20 சதவீத எண்ணெய் மட்டுமே உள்ள வித்தில் 6 சதவீதத்தை விட்டுவிட்டால் கையில் வருவது என்ன? கிட்டத்தட்ட கால்வாசி எண்ணெய் புண்ணாக்கோடு போய்விடும். தவிட்டிலும் இதே கணக்குதான்.

எண்ணெய் அதிகமுள்ள வித்துகளில் (கடுகு வகை, சூரியகாந்தி, நிலக்கடலை) இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். முதலில் மெதுவாகப் பிழிந்து, 15 முதல் 20 சதவீத எண்ணெய் உள்ள புண்ணாக்காக்கி, அதைக் கரைப்பானுக்கு அனுப்புவார்கள்.

ஹெக்சேனையே ஏன் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்?

ஒரு கரைப்பானிடம் நாம் கேட்பது: எண்ணெயை நன்றாகக் கரைக்க வேண்டும், மற்றதைத் தொடக் கூடாது, தண்ணீரில் கலக்கக் கூடாது, குறைந்த வெப்பத்தில் ஆவியாக வேண்டும், ஆனால் அறை வெப்பத்திலேயே பறந்துவிடவும் கூடாது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ஹெக்சேன் ஏறக்குறைய 69 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஒரு கிலோவை ஆவியாக்கச் சுமார் 335 கிலோஜூல் போதும். தண்ணீருக்கு 2,257 வேண்டும், எத்தனாலுக்கு 840-ஐ ஒட்டி வேண்டும். ஆலைக்கு வருவது தூய ஹெக்சேன் இல்லை. சில டிகிரி வித்தியாசத்துக்குள் கொதிக்கும் நெருங்கிய உறவுகளின் கலவை அது.

அதன் மிகப் பெரிய குற்றம், தீப்பற்றுவது. "தீப்பிடிக்காத கரைப்பானாகப் பார்க்கக் கூடாதா?" என்று நல்ல எண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. உலகம் அதையும் செய்து பார்த்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தீப்பற்றாத டிரைகுளோரோஎத்திலீனைக் கொண்டு சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாடுகளுக்கு எலும்பு மஜ்ஜை பழுதாகி இரத்தம் கசிந்து இறந்தன. 1916-லேயே ஸ்காட்லாந்தில் இது பதிவானது. 1950-களில் அமெரிக்காவில் மறுபடி நடந்த பிறகுதான் அந்த வழி மூடப்பட்டது. கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணெயை மட்டும் பார்க்காதீர்கள், சக்கையில் மிஞ்சுவது என்ன செய்யும் என்றும் பாருங்கள்.

வித்தை அப்படியே எக்ஸ்ட்ராக்டரில் (கரைப்பானால் எண்ணெயைக் கரைத்தெடுக்கும் பாத்திரத்தில்) போடக் கூடாதா?

கூடாது. எண்ணெய் வித்தின் செல்லுக்குள் சிறு துளிகளாக அடைபட்டிருக்கிறது. செல்சுவர் கிழிந்தால்தான் கரைப்பான் உள்ளே போய் வெளியே வரும். அதனால் சுத்தம் செய்து, உடைத்து, 60 முதல் 70 டிகிரியில் பதப்படுத்தி, உருளைகளுக்கு இடையே விட்டு 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமனுள்ள செதிலாக்குகிறோம். பதம் தப்பினால் எல்லாம் தப்பும். ஈரம் குறைந்தால் செதில் நொறுங்கித் தூளாகும். தூள், எக்ஸ்ட்ராக்டரில் பரப்பிய செதில் படுக்கையின் இடைவெளிகளை அடைத்துக் கரைப்பானை மேலேயே குளம்போல் நிறுத்திவிடும். ஈரம் கூடினால் செதில்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும், கரைப்பானும் உள்ளே நுழையாது.

செதிலுக்குப் பிறகு எக்ஸ்பாண்டர் வைத்தால் அது நீராவியோடு பிசைந்து நுண்துளைகள் நிறைந்த கட்டிகளாக்கித் தரும். கட்டி கனமாக இருப்பதால் அதே எக்ஸ்ட்ராக்டரில் அதிகம் போடலாம். கரைப்பானும் வேகமாக வடியும். தவிட்டுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். தவிடு தூள்தானே, அப்படியே போட்டால் அடைத்துக்கொள்ளும். அதோடு தவிட்டிலுள்ள லைப்பேஸ் என்சைம், நெல் அரைத்த நேரத்திலிருந்தே எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைக்கத் தொடங்கிவிடும். சூடு அதை நிறுத்துகிறது.

புண்ணாக்கில் எண்ணெய் அதிகம் நிற்கிறது என்று எக்ஸ்ட்ராக்டரைத் திட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உருளைகளை எப்போது தேய்த்துச் சமன் செய்தீர்கள் என்றுதான்.

எக்ஸ்ட்ராக்டரில் எத்தனை வகை? எது நல்லது?

வேலை செய்யும் விதத்தில் இரண்டே வகை: மேலிருந்து தெளித்துப் படுக்கை வழியாக வடிய விடுவது ஒன்று, முழுக்க மூழ்கடிப்பது மற்றொன்று. மூழ்கடிக்கும் முறை மிகப் பொடியான பொருளுக்கு உதவும். ஆனால் வெளியே வரும் கரைசல் நீர்த்ததாகவும் தூள் கலந்ததாகவும் இருக்கும். பெரிய ஆலைகள் எல்லாம் வடிய விடும் முறைக்கே வந்து சேர்ந்தன.

வடிவத்தில் பல உண்டு. 1920-ஐ ஒட்டி ஜெர்மனியில் போல்மன் வடிவமைத்தது கூடைகள் மேலும் கீழும் சுற்றும் கோபுரம். பிறகு வட்டமாகச் சுழலும் அறைகள் கொண்ட ரோட்டோசெல், நீண்ட வலைப்பட்டையில் பொருளைக் கொண்டுபோகும் டி ஸ்மெட் வகை, ஆழம் குறைந்த படுக்கையை வளையமாக இழுத்து நடுவில் புரட்டிப்போடும் கிரவுன் வகை என்று வந்தன.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை எதிர்ப்போக்கு. புதுக் கரைப்பான், எண்ணெய் ஏறக்குறைய தீர்ந்துபோன சக்கை மீது விழும். அங்கே வடிந்ததை எடுத்து முந்தைய கட்டத்தில் தெளிப்பார்கள். இப்படி ஐந்து, ஆறு, ஏழு படிகள் பின்னோக்கி வந்து, கடைசியில் எண்ணெய் நிறைந்த கரைசல் புதிதாக உள்ளே வந்த செதில் வழியாக வடிந்து வெளியேறும். அந்தப் புதுப் படுக்கை வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்த இந்தக் கரைசலைத்தான் மிசெல்லா என்கிறோம். முழுவதும் 50 முதல் 60 டிகிரிக்குள், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நடக்கும்.

எது நல்லது என்றால், உங்கள் பொருளை நன்றாக வடிய விடுவது எதுவோ அது. விற்பவர்கள் கரைக்கும் திறனைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் கடைசிக் கட்டத்தில் வடிவதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். காரணத்தை அடுத்த கேள்வியில் கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஒரு டன்னுக்கு எவ்வளவு கரைப்பான் ஓடுகிறது?

20 சதவீத எண்ணெய் உள்ள 1,000 கிலோ செதிலை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக 200 கிலோ எண்ணெயும் முழுதாக வந்துவிட்டதாக வைப்போம். மிசெல்லாவில் எண்ணெய் 30 சதவீதம் என்றால் அதோடு 467 கிலோ ஹெக்சேன் இருக்கிறது. மீதி 800 கிலோ சக்கை. அதன் மொத்த எடையில் 30 சதவீதம் ஹெக்சேன் ஊறியிருந்தால் அது 343 கிலோ. ஆக ஒரு டன்னுக்கு 810 கிலோ கரைப்பான் உள்ளே போகிறது, அத்தனையும் ஆவியாகிக் குளிர்ந்து திரும்பி வர வேண்டும்.

இப்போது சக்கை சரியாக வடியாமல் 30-க்குப் பதில் 35 சதவீதத்தோடு வெளியேறுகிறது என்று வையுங்கள். 343 கிலோ 431 ஆகிவிடும். கூடுதல் 88 கிலோவை ஆவியாக்க மட்டும், ஒவ்வொரு டன்னுக்கும் 13 கிலோ நீராவி அதிகம். ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கன்டென்சருக்கும் அவ்வளவு சுமை கூடும். மிசெல்லா 30-லிருந்து 20 சதவீதமாக நீர்த்துப்போனாலோ, 467 கிலோ 800 ஆகும்! எண்ணெய் மீதத்தைக் குறைக்கிறோம் என்று கரைப்பானைத் தாராளமாகத் திறந்துவிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் எண்களைப் போட்டுச் செய்து பார்க்க வேண்டும்.

டி.டி. என்கிறார்களே, அது என்ன?

டீசால்வென்டைசர் டோஸ்டர். சக்கையிலிருந்து கரைப்பானை விரட்டி, புண்ணாக்கை வறுக்கும் உயரமான அடுக்குப் பாத்திரம். கீழே உலர்த்தியும் குளிர்விப்பானும் சேர்ந்திருந்தால் டி.டி.டி.சி. என்பார்கள். ஆலையில் நீராவியை அதிகம் குடிப்பது இதுதான்.

மேல் தட்டுகளில் அடியிலிருந்து சூடு மட்டும். அடுத்த தட்டுகளில் நீராவியை நேரடியாகச் சக்கைக்குள் செலுத்துகிறோம். நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பம் ஹெக்சேனை ஆவியாக்குகிறது. மேலே சொன்ன எண்களை ஒப்பிட்டால், ஒரு கிலோ நீராவி ஆறு கிலோவுக்கு மேல் ஹெக்சேனை விரட்ட முடியும் என்பது தெரியும். ஆனால் அந்த நீர் சக்கையிலேயே தங்கிவிடும். அதனால்தான் டி.டி.யிலிருந்து இறங்கும் புண்ணாக்கு 18 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தோடு வருகிறது, உலர்த்தி 12-க்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எக்ஸ்ட்ராக்டரில் சரியாக வடியாத சக்கையின் தொல்லை உலர்த்தி வரைக்கும் வால் நீட்டுகிறது, பாருங்கள்.

சோயாவுக்கு இன்னொரு வேலையும் இங்கே நடக்கிறது. பச்சைச் சோயாவில் உள்ள டிரிப்சின் தடுப்பான், கால்நடைகளின் செரிமானத்தைக் கெடுக்கும். ஈரமும் 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. அளவு மிஞ்சினால் புரதமும் கெடும். புரதத்தைத் தனியே பிரித்து உணவுப் பொருளாக்க விரும்பினால் டி.டி. ஒத்துவராது, அதற்கு, சூடான ஹெக்சேன் ஆவியில் சில நொடிகளில் உலர்த்தும் ஃப்ளாஷ் முறை தனியாக உண்டு.

மிசெல்லாவிலிருந்து எண்ணெய் எப்படிப் பிரிகிறது?

மூன்று படிகள். முதல் ஆவியாக்கிக்குப் புது நீராவி தேவையில்லை. டி.டி.யின் தலையிலிருந்து 70 டிகிரியை ஒட்டி வரும் ஹெக்சேன் ஆவியே அதன் குழாய்களைச் சூடாக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஹெக்சேன் இன்னும் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும். சக்கையை விட்டு வந்த வெப்பம் எண்ணெயைப் பிரிக்கிறது. இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடும் ஆலையில் நீராவிச் செலவு கண்கூடாகக் குறையும்.

இரண்டாவது ஆவியாக்கியில் எண்ணெய் 95 சதவீதத்தைத் தாண்டும். கடைசிச் சில சதவீதம்தான் பிடிவாதம் பிடிக்கும்; எண்ணெய் செறிய செறியக் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். அதை ஸ்ட்ரிப்பர் கோபுரத்தில், வெற்றிடத்தில், நேரடி நீராவி விட்டுத் துரத்துகிறோம். வெப்பத்தை 110, 115 டிகிரிக்கு மேல் ஏற்றி அவசரப்படுத்தினால் பசைப்பொருள் தட்டுகளில் ஒட்டிக் கருகும், எண்ணெய் நிறம் கறுக்கும். வெற்றிடம் ஏன் கூடவில்லை என்று தேடுவதுதான் சரியான வழி.

டி.டி. ஆவியோடு வரும் மாவுத்தூளை ஸ்க்ரப்பரில் கழுவிவிடாமல் போனால் அது முதல் ஆவியாக்கியின் குழாய்களில் படியும். பிறகு நீர் பிரிப்பானில் இறங்கித் தண்ணீரையும் ஹெக்சேனையும் பாலாக்கிவிடும்.

கரைப்பான் இழப்பு எங்கே நடக்கிறது? எவ்வளவு வரை ஏற்கலாம்?

போகும் வழிகள் ஐந்து: புண்ணாக்கு, எண்ணெய், கழிவுநீர், காற்றுப்போக்கி, கசிவுகள். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: ஆலையை நிறுத்தி மறுபடி ஓட்டுவது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் உள்ளே இருந்த ஆவியில் ஒரு பங்கு போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் ஒரு டன் மூலப்பொருளுக்கு மொத்த இழப்பு வரம்பு சோயாவுக்கு 0.8 கிலோ, சூரியகாந்திக்கு 1 கிலோ, ஆமணக்குக்கு 3 கிலோ, விலங்குக் கொழுப்புக்கு 1.5 கிலோ. மேலே நாம் போட்ட கணக்கில் ஒரு டன்னுக்கு 810 கிலோ சுற்றியது. அதில் 0.8 கிலோ மட்டும் இழக்கலாம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு! முன்பு சொன்ன இரண்டாம் பாதியின் கடினம் இதுதான்.

இதைச் சாதிக்கும் உபகரணங்கள் பார்வைக்கு எளியவை. கன்டென்சரில் குளிர்ந்த திரவம் பிரிப்பான் தொட்டிக்கு வரும். ஹெக்சேனின் அடர்த்தி 0.66, தண்ணீரில் கரையவும் கரையாது, ஆகவே தானாக மேலே மிதக்கும். அடியில் இறங்கும் நீரை வெளியே விடுமுன் 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி மிச்ச ஹெக்சேனை விரட்ட வேண்டும். கன்டென்சரில் பிடிபடாமல் காற்றோடு கலந்து நிற்கும் ஆவியைக் குளிர்ந்த உணவுத்தரக் கனிம எண்ணெய் கோபுரத்தில் உறிஞ்சும். அந்த எண்ணெயைச் சூடாக்கினால் ஹெக்சேன் பிரியும். மறுபடி குளிரவைத்துத் திருப்பி ஓட்டலாம். கோபுரத்துக்குள் போகும் எண்ணெய் போதிய அளவு குளிராமல் இருப்பதுதான் பல இடங்களில் நான் கண்ட குறை. வெப்பமாற்றியைச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகிவிடும்.

எக்ஸ்ட்ராக்டரைக் காற்றழுத்தத்துக்குச் சற்றுக் கீழே, சில மி.மீ. நீர்மட்ட அளவில் வைத்திருப்பார்கள். கசிவு இருந்தால் காற்று உள்ளே வரும், ஆவி வெளியே போகாது. ஆனால் உள்ளே வரும் காற்று காற்றுப்போக்கி வழியாகத்தான் போக வேண்டும், போகும்போது ஹெக்சேனையும் கூட்டிக்கொண்டு போகும். சிறு ஓட்டையைச் சும்மா விடாதீர்கள்.

சாப்பிடும் எண்ணெயில் ஹெக்சேன் இருக்குமா?

ஸ்ட்ரிப்பரை விட்டு வரும் கச்சா எண்ணெயில் சிறு அளவு இருக்கும். அது அப்படியே சாப்பாட்டுக்குப் போவதில்லை. சுத்திகரிப்பின் கடைசிப் படியான மணம் நீக்கத்தில், ஆழ்ந்த வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தும்போது மிச்சமும் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு எண்ணெய்க்கான வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆலைக்குள் நாள் முழுதும் மூச்சு விடுபவர்களைப் பற்றி. நார்மல் ஹெக்சேனை நீண்டகாலம் சுவாசித்தால் உடலில் அது 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்புகளைத் தாக்கும். விரல்களில் மரமரப்பு, பிறகு கால் தளர்ச்சி. பெட்ரோல் வாடை பழகிவிட்டது என்று ஒரு தொழிலாளி சொன்னால் அது கசிவு பற்றிய புகார். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தீ அபாயம் எவ்வளவு? எதில் கவனம் வேண்டும்?

ஹெக்சேனின் தீப்பற்று நிலை மைனஸ் இருபது டிகிரிக்கும் கீழே. அதாவது எந்த அறை வெப்பத்திலும் அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தயார். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து பள்ளத்தையும் சாக்கடையையும் தேடிப் போகும்.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1981 பிப்ரவரி 13 சாட்சி. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு சோயா ஆலையிலிருந்து ஹெக்சேன் பாதாளச் சாக்கடையில் கலந்தது. விடியற்காலையில் சாலையில் போன ஒரு காரின் தீப்பொறியில் பற்றி, மைல் கணக்கில் தெருக்கள் வெடித்துப் பிளந்தன. யாரும் இறக்கவில்லை என்பது அந்த நேரத்தின் புண்ணியம்.

அதனால்தான் எக்ஸ்ட்ராக்‌ஷன் கட்டடத்துக்குச் சுவர் கட்டாமல் திறந்து விடுகிறார்கள், உணரிகளைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள், கழிவுநீரை, ஹெக்சேனைப் பிடித்து நிறுத்தும் பொறித்தொட்டி வழியாக மட்டுமே வெளியே விடுகிறார்கள். என்.எஃப்.பி.ஏ. 36 என்ற அமெரிக்கத் தரநிலை, ஆலையைச் சுற்றி 50 அடியைத் தடைப் பகுதியாகவும் 100 அடி வரை கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் வைக்கச் சொல்கிறது. ஹெக்சேன் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும்; ஒவ்வொரு பாத்திரமும் குழாயும் நில இணைப்போடு இருக்க வேண்டும்.

ஓடும் ஆலையைவிட நின்ற ஆலை ஆபத்தானது. ஓடும்போது உள்ளே ஆவி மிகச் செறிவாக இருக்கும், பற்றுவதற்குப் போதிய காற்று இல்லை. நிறுத்திக் கதவைத் திறக்கும்போது காற்று புகுந்து வெடிக்கும் விகிதத்தைக் கடந்தே தீரும். முழுதாக வடித்து, நீராவியால் விரட்டி, அளந்து பார்க்காமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. திடீர் மின்தடைக்கும் முன்னேற்பாடு வேண்டும்: குளிர்நீர் நின்ற நொடியில் நீராவி வால்வு தானாக மூட வேண்டும், உயரத் தொட்டியிலிருந்து கன்டென்சருக்குத் தண்ணீர் இறங்க வேண்டும்.

ஆய்வகத்தில் வைக்கும் சோக்ஸ்லெட் கருவியும் இதுவும் ஒன்றா?

உறவு, ஆனால் ஒன்றல்ல. 1879-ல் ஃப்ரான்ஸ் ஃபான் சோக்ஸ்லெட் பாலின் கொழுப்பை அளக்கச் செய்த கருவி அது. குடுவையில் கொதிக்கும் கரைப்பான் மேலே குளிர்ந்து பொருள்மீது சொட்டும், நிரம்பியதும் வளைகுழாய் வழியாகக் குடுவைக்கே இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தூய கரைப்பானே பொருளைத் தொடுவதால் மிச்சமின்றி இழுத்துவிடும். மணிக்கணக்கில் ஆகும், வெப்பமும் வீணாகும். ஆலையின் புண்ணாக்கில் எத்தனை சதவீதம் எண்ணெய் நிற்கிறது என்று சொல்லும் நீதிபதி அதுதான்.

எத்தனால், கார்பன் டைஆக்சைடு பற்றி?

கார்பன் டைஆக்சைடு 31 டிகிரிக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே மீமாறுநிலையை (வாயுபோல் ஊடுருவி, திரவம்போல் கரைக்கும் நிலையை) அடையும். எண்ணெய்க்கு அதை 300 பார், அதற்கும் மேலே ஓட்ட வேண்டும். காபியிலிருந்து காஃபீன் நீக்க, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சாறு எடுக்க அருமையான முறை. டன் கணக்கில் சோயா ஓட்ட அந்த அழுத்தப் பாத்திரங்களின் செலவு தாங்காது. எத்தனாலுக்கு ஆவியாக்கும் வெப்பம் இரண்டரை மடங்கு. தண்ணீரையும் சர்க்கரையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சிறிய அளவில், ஒரு கொட்டகையில் தொடங்கலாமா?

வேண்டாம். ஹெக்சேனுக்குச் சிறுதொழில் பெருந்தொழில் என்ற வேறுபாடு தெரியாது. தினம் அரை டன் ஓட்டினாலும் உணரி, வெடிப்புத் தடுப்பு மோட்டார், கனிம எண்ணெய்க் கோபுரம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். அவற்றை விட்டுவிட்டால்தான் சிறு ஆலை கட்டுப்படியாகும், விட்டுவிடவே கூடாது. சிறிய அளவுக்கு எக்ஸ்பெல்லர் வையுங்கள், புண்ணாக்கைக் கரைப்பான் ஆலைக்கு விற்றுவிடுங்கள்.

பழைய ஆலை ஒன்று விற்பனைக்கு வருகிறது. போய் என்ன பார்ப்பது?

ஓடிக்கொண்டிருக்கும்போது போங்கள். எக்ஸ்ட்ராக்டரை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் பிரிப்பான் தொட்டியின் பார்வைக் கண்ணாடியிலிருந்து தொடங்குங்கள். ஹெக்சேனும் நீரும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்கிறதா, இடையில் கலங்கல் படலமா? கனிம எண்ணெய் எத்தனை டிகிரியில் கோபுரத்துக்குள் போகிறது? கன்டென்சரின் உள்வரும், வெளிவரும் நீரின் வெப்பம் என்ன? டி.டி.யின் தட்டுகளில் நீராவித் துளைகள் அடைத்திருக்கின்றனவா? ஓட்டத்தில் இதைப் பார்க்க முடியாது, கடைசியாகத் திறந்தபோது எடுத்த படத்தைக் கேளுங்கள். ஹெக்சேன் கொள்முதல் ரசீதுகளை ஒரு வருடத்துக்கு எடுத்து, ஓட்டிய டன்னால் வகுங்கள். அந்த எண்ணை விற்பவர் தரத் தயங்கினால், கிளம்பி வந்துவிடுங்கள்.